உறையாத சூப்

அத்தியாயம் 17

போன வாரம் மிரானை டேகு ஆஸ்பத்திரி லிஃப்டில் விட்டுவிட்டு வந்தோம். ஒரு கையில் அப்பாவின் துணிப்பை, மறு கையில் அப்பா. இரண்டில் துணிப்பைதான் கனம்.

மறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கியோங்சான் சந்தையில் நாற்பது வருஷம் எலும்புச் சூப் கடை நடத்திய க்வாக் பான்சோக்குக்கு, எழுபத்தெட்டு வயதில் இரைப்பையில் புற்று. குடலுக்குத் திறக்கும் அதன் கீழ்வாயை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி. வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் இப்படி எலும்பும் தோலுமாக வரக்கூடாது, மூன்று வாரம் நன்றாகச் சாப்பிட்டுச் சதை வைத்துக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினார்.

மகன் சாங்ஹோ தினம் காலையில் கடைச் சூப்பைக் கொண்டுபோய் வைத்தான். மகள் மிரான், பூசானில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், சனிக்கிழமைதோறும் ரயிலேறி வந்து, டாக்டர் எழுதிக்கொடுத்த சத்துப்பானத்தை டப்பா டப்பாவாக இறக்கினாள். மூன்று வாரம் முடிந்தது. நாளைக் காலை ஆபரேஷன்.

அப்படித்தான் லிஃப்டிலிருந்து இறங்கும்வரை மிரான் நினைத்திருந்தாள்.

டாக்டர் பியோன் கணினித் திரையைப் பார்த்தார். பான்சோக்கைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஐயா, உடம்பு ஏறியிருக்கும்னு பார்த்தேன். மூணு கிலோ இறங்கியிருக்கீங்க."

"உங்க தராசு சரியில்ல," என்றார் பான்சோக். ஆயுள் முழுக்கக் கறி நிறுத்தவர். தராசின் மேல் பழியைப் போட அவருக்கா சொல்லித் தரவேண்டும்?

"தராசு வேணா பொய் சொல்லும். ரத்தமும் சேர்ந்து பொய் சொல்லுமா? ரத்தத்துல இருக்க வேண்டிய புரதம் போன தடவையைவிடக் கம்மி." டாக்டர் மிரான் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஆபரேஷன் இல்லம்மா."

"என்ன டாக்டர் இப்படிச் சொல்றீங்க? தேதி குடுத்தீங்க, லீவு போட்டுட்டு வந்திருக்கேன். வயசாயிடுச்சுன்னு பயப்படுறீங்களா?"

"வயசைப் பார்த்து எனக்குப் பயமில்ல. இவரைவிட மூத்தவங்களுக்குச் செஞ்சிருக்கேன், நடந்து வீட்டுக்குப் போயிருக்காங்க. இந்த வயசுல சதை இல்லாம வர்றாங்க பாருங்க, அதான் பயம். வெட்டுறது என் வேலை. வெட்டிட்டு, மிச்ச இரைப்பையைக் குடலோட சேர்த்துத் தைப்பேன். அந்தத் தையல் ஒட்டுறது என் கையில இல்ல, அவரு உடம்புல இருக்கு. உடம்புல சரக்கு இல்லைன்னா தையல் பிரியும். உள்ள கசியும். சளி பிடிக்கும், சீழ் பிடிக்கும். புத்துநோய் கொல்றதுக்கு முன்னாடி அதுவே கொன்னுடும்."

"இப்ப என்ன செய்யறது?"

"மூக்கு வழியா மெல்லிசா ஒரு குழாய். கட்டியைத் தாண்டிக் குடல் வரைக்கும் போகும். அது வழியா ரெண்டு வாரம் சத்து ஏத்துவோம். பிறகு மறுபடி ஸ்கேன். கட்டி அங்கேயே இருந்தா உடனே ஆபரேஷன். பரவியிருந்தா..." டாக்டர் முடிக்கவில்லை. "ரெண்டு வாரத்துக்கு மேல அது நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காதும்மா. குழாயை இன்னைக்கே போட்டா நல்லது."

"மூக்குல குழாயா?" பான்சோக் எழுந்தே விட்டார். "நான் என்ன மாடா? மாட்டுக்குத்தான்யா மூக்குல வளையம் போடுவாங்க. மாட்டை வெட்டுனவன் நான்."

"அப்பா, உட்காருங்க."

"ஒருத்தனும் என் மூக்குகிட்ட வரக்கூடாது. சொல்லிட்டேன்."

அறைக்குப் போனதும் உணவு ஆலோசகர் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. பான்சோக்கின் பைஜாமாவை முழங்கால்வரை சுருட்டி, இரண்டு கைக் கட்டைவிரல்களையும் ஆட்காட்டி விரல்களையும் வளையமாக்கி, ஆடுசதையைச் சுற்றிப் பிடித்தாள். விரல்கள் தாராளமாகத் தொட்டுக்கொண்டன. நடுவில் இன்னும் இடம் இருந்தது.

அண்டாவைத் தனியாகத் தூக்கி இறக்கிய கால் அது. மிரான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"வீட்டுல என்ன சாப்பிட்டீங்க ஐயா?"

"சூப்பு. எங்க கடை எலும்புச் சூப்பு. மூணு வேளையும்."

"கறி?"

"கறி எதுக்கு? சாரமெல்லாம் தண்ணிக்கு வந்துடுது. கறி வெறும் சக்கை. அது விலை குடுத்துத் திங்கறவனுக்கு."

எங்கள் பக்கத்தில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதலில் அடுப்பேறுவது மாட்டெலும்புதான். பிள்ளை பெற்றவளுக்கு அது, பரீட்சை எழுதுகிறவனுக்கு அது, சாகக் கிடப்பவருக்கும் அது. இந்தப் பெண்ணும் அதைக் குடித்து வளர்ந்தவளாகத்தான் இருக்க வேண்டும். சிரிக்கவில்லை.

"சூப்பு வயித்தை நிரப்பிடும் ஐயா, சதை வைக்காது. நல்லாக் காய்ச்சினதுலயே சத்து கொஞ்சம்தான்." மிரானிடம் கேட்டாள்: "ஃப்ரிட்ஜில வெச்சா நல்லாக் கட்டியா உறையுதா?"

மிரானுக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷச் சூப்புக்காரர் மகளிடம் கேட்கிற கேள்வியா இது?

"உறையாம? எங்க சூப்பு உறைஞ்சா கத்தி வெச்சுத்தான் வெட்டணும். குலுக்கினா ஆடும், சிந்தாது. சந்தையில கேட்டுப் பாருங்க."

பான்சோக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. கடையைப் பற்றிப் பேச்சு வந்தால் குறுக்கே விழுந்து பேசுகிறவர். சோர்வு என்று மிரான் நினைத்தாள்.

"சத்துப்பானம் எவ்வளவு குடிச்சாரு?"

"மூணு பெட்டி வாங்கிக் குடுத்தேன். எல்லாம் காலி."

"மூணு பெட்டி உள்ள போயும் எடை இறங்கிச்சுன்னா..." அந்தப் பெண் புருவத்தைச் சுருக்கினாள். "கணக்கு உதைக்குதே அக்கா."

அவள் போனதும் பான்சோக் சொன்னார்: "என் உமித் தலையணையைக் கொண்டா. இந்த ஆஸ்பத்திரித் தலையணையில படுத்தா, தலை எங்க இருக்குன்னே தெரியல."

மதியம் மிரான் மெட்ரோ பிடித்துக் கியோங்சான் போனாள். அப்பாவின் ஃபிளாட்டில் அம்மா போனபிறகு எதுவும் இடம் மாறவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டாள். கிளம்புவதற்குமுன் கெட்டுப்போகிற சாமான் ஏதாவது இருக்குமே என்று ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

மேல்தட்டில் சூப் டப்பா. நேற்றுக் காலை சாங்ஹோ வைத்துவிட்டுப் போனது. பாதி மிச்சம் இருந்தது.

எடுத்துச் சாய்த்தாள். தளக் என்று மறுபக்கம் ஓடியது.

மறுபடி சாய்த்தாள். மறுபடியும் ஓடியது. ஒரு ராத்திரி முழுக்கக் குளிரில் இருந்த எலும்புச் சூப், குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடியது. வெள்ளைக்கு மட்டும் குறையில்லை. சுண்ணாம்படித்த சுவர் மாதிரி வெள்ளை.

விரலை விட்டு நாக்கில் வைத்தாள். மாட்டு வாசனை எங்கேயோ தூரத்தில் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு இனிப்பு வந்தது. தினமும் இரண்டு வேளை கண்ணாடிக் கடை மிஷினில் அவள் குடிக்கும் காபியின் இனிப்பு.

ஆஸ்பத்திரியில் தான் பெருமையடித்தது ஞாபகம் வந்து, தனியாக நிற்கும்போதே அவளுக்கு முகம் சுட்டது.

கடையில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. வாசலுக்கு மேலே பான்சோக்கின் படம், கரண்டியும் சிரிப்புமாக. மிரான் நேரே பின்கட்டு அடுக்களைக்குப் போனாள்.

சாங்ஹோ முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயைக் கிண்ணங்களில் அள்ளிக்கொண்டிருந்தான். ஐம்பத்தைந்து வயது. ஏப்ரன் நாடா முடிச்சுப் போட எட்டாத இடுப்பு.

"வந்துட்டியா? அப்பா எப்படி இருக்காரு? நாளைக்கு எத்தனை மணிக்கு உள்ள கொண்டு போறாங்க?"

மிரான் அண்டா மூடியைத் தூக்கினாள். வெள்ளை வெளேர். சுற்றிலும் பார்த்தாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் இன்னொரு மூட்டை. காபியில் போடுகிற க்ரீம் பொடி. வாய் பிரிந்திருந்தது. உள்ளே ஒரு கரண்டி.

"இது என்ன?"

"காபிக்கு. சாப்பிட்டவங்க கேட்பாங்கல்ல."

"மூட்டை மூட்டையாவா? கரண்டியால அள்ளிப் போட்டா காபி குடிக்கிறாங்க?"

சாங்ஹோ கிண்ணத்தைக் கீழே வைத்தான். வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சத்தம் போடாதடி. இந்தத் தெருவுல போடாதவன் எவன்னு போய்க் கேட்டுட்டு வா. அப்பா மாதிரி ராப்பகலா அண்டாகிட்ட நிக்க என் முட்டி தாங்கல. போட்ட எலும்பையே திரும்பத் திரும்பக் காய்ச்சறேன். வெள்ளை வர மாட்டேங்குது. பொடி போட்டா வருது. வெள்ளையா இல்லைன்னா ஜனங்க ஒரு வாய் குடிச்சுட்டு வெச்சுட்டுப் போறாங்க. நான் என்ன செய்ய?"

"ஜனங்களுக்கு ஊத்து. எப்படியோ போ. அப்பாவுக்கு ஏண்டா ஊத்தினே?"

அண்ணனை 'டா' என்றது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

"ஒரு சின்னப் பானையில, அவருக்குன்னு நாலு எலும்பு போட்டுக் காய்ச்ச முடியலையா உன்னால?"

"முடியும். காய்ச்சவும் காய்ச்சினேன்." சாங்ஹோ ஏப்ரனில் கையைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "கீழே ஊத்திட்டேன். ரெண்டு வருஷமா அவருக்கு இதைத்தான் குடுத்துட்டு இருக்கேன். திடீர்னு நல்லதைக் கொண்டுபோனா, ஒரு வாயிலயே பிடிச்சுடுவாரு. 'இன்னைக்கு மட்டும் எப்படிடா நல்லா இருக்கு?'ன்னு கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

பொய் வெளியே வராமலிருக்க அப்பனுக்குப் பொய்யையே ஊற்றிக் கொடுத்திருக்கிறான். இதை அவன் ஒரு நியாயம் மாதிரிச் சொன்னதுதான் மிரானுக்குத் தாங்கவில்லை. அடிக்கலாமா என்றுகூடக் கை பரபரத்தது. அடிக்காமல் திரும்பினபோதுதான் மேல்தட்டைப் பார்த்தாள்.

சத்துப்பான டப்பாக்கள். அவள் பூசானிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவை. பெட்டிமேல் அவள் எழுதிய 'அப்பாவுக்கு மட்டும்' அப்படியே இருந்தது. பாதி காலி.

"இதையும் அமுக்கிட்டியா?"

"ஏய், அது அப்பாவே குடுத்தது! 'இளைச்சுட்டே, குடி'ன்னு தினமும் பையில போட்டு விடுவாரு. வேணாம்னா கோவிச்சுக்குவாரு."

"இளைச்சுட்டியா? நீயா?"

அவன் வயிற்றைப் பார்த்தாள். அந்த நிலைமையிலும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, பிறகு அழுகை வந்தது.

"நாளைக்கு ஆபரேஷன் இல்ல. உடம்புல தெம்பு இல்லையாம். வெட்டினா தையல் ஒட்டாதாம். ரெண்டு வாரத்துல தேத்தணும், முடியலைன்னா அவ்வளவுதான். உன் பொடித்தண்ணி செஞ்ச வேலை."

சாங்ஹோ கிட்டே வந்தான். "அப்பாகிட்ட சொல்லிடாத மிரான். அவருக்கு மட்டும் தெரிய வேணாம். தாங்க மாட்டாரு."

"அப்ப ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவெச்சுப் படுக்காத. உன் டப்பாவைத் தூக்கிக்கிட்டு அங்க வந்தே, அவர் எதிர்லயே எல்லாத்தையும் கொட்டிடுவேன். அவரு பொழைச்சு வீட்டுக்கு வர்ற வரைக்கும் உன் மூஞ்சி அவரு கண்ணுல படக்கூடாது."

எதிர்த்துப் பேசுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அடுப்பை அணைத்தான். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"சரி. வரல."

அவள் தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள். மெட்ரோவில் உட்கார்ந்து தலையணையைக் கட்டிக்கொண்டு, தான் செய்தது சரி, நூற்றுக்கு நூறு சரி என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலச் சாப்பாடு வந்திருந்தது. கஞ்சி, ஆவியில் வேகவைத்த முட்டை, மசித்த மீன். பான்சோக் கஞ்சியின் மேலேட்டை மட்டும் கரண்டியால் தொட்டிருந்தார்.

"தலையணை கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன்."

தலைக்குக் கீழே வைத்துச் சரிசெய்தாள். உமி சரசரத்தது. அவர் கழுத்து அதில் பொருந்தியதும் கேட்டார்:

"ஃப்ரிட்ஜைத் திறந்தியா?"

மிரான் போர்வையை இழுத்துவிட்டாள்.

"திறந்தேன்."

"உறையல."

கேள்வி இல்லை அது. செய்தி சொல்கிற மாதிரிச் சொன்னார். மிரான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்கு... எப்பலேருந்துப்பா தெரியும்?"

"மொத நாள்லேருந்து. நல்ல சூப்பு குடிச்சா உதடு ரெண்டும் ஒட்டிக்கும். பேசணும்னா பிரிக்கணும். இது ஒட்டல. நாற்பது வருஷம் காய்ச்சினவன் வாய்ல க்ரீம் பொடி தெரியாதா?"

"தெரிஞ்சும் குடிச்சீங்களா? டாக்டர் தேத்திக்கிட்டு வரச் சொன்ன இந்த மூணு வாரமும்?"

"ஆமா."

"ஏன்பா?"

பான்சோக் மசித்த மீனைக் கரண்டியால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினார்.

"கடையை அவன் கையில குடுத்தப்புறம், அவன் வீட்டுப் பக்கமே தலை காட்டல. நான் போன் பண்ணினா, 'கூட்டம்பா, வெக்கறேன்'பான். ஒரு நாள், 'டேய், சூப்பு கொண்டாடா, நாக்கு செத்துப்போச்சு'ன்னேன். அன்னையிலேருந்து தினமும் வர்றான். செருப்பைக் கழட்ட மாட்டான். வாசல்லயே நின்னு, 'நேத்து குடிச்சீங்களா?'ன்னு கேட்பான். 'குடிச்சேன், நல்லா இருந்துச்சு'ம்பேன். போயிடுவான். சூப்பு நல்லா இல்லைன்னு சொன்னேன்னு வை, மறுநாள் எதைச் சாக்கு வெச்சு வருவான்?"

நர்ஸ் யாரோ நடைபாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். மிரான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அப்ப நான் கொண்டு வந்தது?" "வாராவாரம் ரயில்ல தூக்கிட்டு வந்தேனேப்பா. தோள் கழண்டு போச்சு. ஒரு டப்பாவாவது குடிச்சிருக்கலாமே. அதையும் எடுத்து அவன்கிட்டயே குடுத்தீங்களே."

"அவனுக்குக் கையில ஏதாவது குடுத்து அனுப்பணும்ல?"

"நான் உங்களுக்கு யாரு?"

பான்சோக் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளை நோகடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

"நீ எப்படியும் வருவே."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். ஐம்பது வயதுப் பெண், வாயைப் பொத்திக்கொண்டு தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். எப்படியும் வருகிறவளுக்கு இந்த வீட்டில் என்ன மரியாதை என்று இன்றைக்குத்தான் யாரோ வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தக் குழாயைப் போட்டுக்கறேன்," என்றார் பான்சோக்.

மிரான் திரும்பினாள்.

"நெசமாவா?"

"நாளைக்குக் காலையில. டாக்டர்கிட்ட சொல்லிடு. எனக்கு மட்டும் சாகணும்னு ஆசையா என்ன? ஆனா சாங்ஹோ வரட்டும். அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போட்டுக்குவேன். அவன் வராம எவனாவது குழாயைத் தூக்கிட்டு வந்தா பிடுங்கி எறிஞ்சுடுவேன், தெரியும்ல என்னைப் பத்தி?"

"அப்பா, நான் பிடிச்சுக்கறேனே. நான்தான் இங்கேயே இருக்கேனே."

"அவன் வரட்டும். குழாய் போட்டுட்டா சூப்பு குடிக்க முடியாதுல்ல? அப்புறம் எதுக்கு வருவான்? நான் இப்படிக் கிடக்கறதைப் பார்த்தா, சூப்பு இல்லாமலும் வரணும்னு தோணும்." கொஞ்சம் யோசித்தார். "அவன் எதிர்ல பொடி கிடின்னு வாயைத் திறந்துடாத. என்ன? உனக்கு வாய் நீளம்."

மிரான் தலையை ஆட்டிவிட்டு நடைபாதைக்கு வந்தாள். சாங்ஹோவின் நம்பரை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. மறுபடி அழுத்தினாள். அதே மரியாதை. கடை நம்பருக்கு அடித்தாள். பூட்டிய ஷட்டருக்குப் பின்னால் அது அடித்து அடித்து ஓய்ந்தது. அண்ணி வீட்டில்தான் இருந்தாள். "அவரு உங்ககூட ஆஸ்பத்திரியில இல்லையா?" என்று கேட்டாள். "மத்தியானமே கடையைச் சாத்திட்டு வண்டியை எடுத்துட்டுப் போனாராமே?"

டாக்டர் பியோன் எதிரே வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார், வீட்டுக்குக் கிளம்புகிற அவசரம்.

"என்னம்மா, பெரியவர் மனசு மாறினாரா? நாளைக்காவது போட்டாகணும். ஒவ்வொரு நாளும் நமக்கு நஷ்டம்தான்."

"போட்டுக்கறேன்னு சொல்லிட்டாரு டாக்டர். காலையில."

"சபாஷ். நல்ல பொண்ணு நீங்க." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மிரான் அறைக்குத் திரும்பினாள். பான்சோக் தூங்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன் எடுத்தானா?"

"எடுத்தான்பா. காலையில வர்றானாம்."

இந்தக் குடும்பத்தில் இதுவரை பொய் சொல்லாமலிருந்தவள் அவள் ஒருத்திதான். பான்சோக் உமித் தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். முகத்தில் இருந்த கடுகடுப்பு போய்விட்டது.

"சூப்பு கொண்டாரச் சொன்னியா?"